எலக்டிவ் போஸ்டிங்கை எப்படித் திட்டமிடுவது? எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எலக்டிவ் என்றால் மாணவரே துறையைத் தேர்ந்தெடுத்துச் சில வாரம் கற்கும் போஸ்டிங். எங்கள் பேட்சுக்கு முன்னால் யாரும் அதைச் செய்ததில்லை. 2019-இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் நாங்கள். திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் எங்களிடமிருந்துதான் தொடங்கியது. மற்ற எந்தப் போஸ்டிங் என்றாலும் சீனியர் அண்ணாவோ அக்காவோ நோட்ஸ் கொடுப்பார்கள், எந்த யூனிட் சீஃப் என்ன கேள்வி கேட்பார் என்பதையும் சொல்லி அனுப்புவார்கள். எலக்டிவுக்கு மட்டும் கேட்க ஆளில்லை. மூன்றாம் ஆண்டு பார்ட் ஒன் தேர்வு முடிந்த சில நாட்களில் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள்: துறை, மேற்பார்வையாளர் பெயர், எத்தனை இடம். மாலைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நண்பர்கள் எங்கே எழுதினார்களோ அங்கேயே பாதிப் பேர் எழுதினோம். நானும் அப்படித்தான்.

அப்புறம் சிஆர்ஆர்ஐ என்னும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணியை முடித்து, இப்போது முதுநிலைப் படிப்பான பிஜி படிக்கிறேன். வார்டுக்கு வரும் ஜூனியர்களிடம் எலக்டிவ் பற்றித் தவறாமல் கேட்பேன்: எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், திரும்ப வாய்ப்புக் கிடைத்தால் என்ன மாற்றுவீர்கள்? அவர்கள் சொன்னதும் நான் பட்டதும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. நாலரை ஆண்டுப் படிப்பில் எங்கே, யாரிடம், எதைக் கற்பது என்று மாணவரே தீர்மானிக்கும் நாட்கள் இவை மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் டைம்டேபிள் தீர்மானித்துவிடுகிறது. நம் கையில் இருக்கும் அந்தச் சில வாரங்களை ஒரே மாலையில் யோசிக்காமல் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் படி: விதியைப் படியுங்கள்

எலக்டிவ் என்றால் லீவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 விதிமுறைகளின்படி, மூன்றாம் ஆண்டு பார்ட் ஒன் தேர்வுக்கும் பார்ட் டூ தொடக்கத்துக்கும் இடையில் இரண்டு பிளாக்குகள், ஒவ்வொன்றும் நான்கு வாரம். முதல் பிளாக் ப்ரீ-கிளினிக்கல் (உடற்கூறியல் போன்றவை), பாரா-கிளினிக்கல் (மருந்தியல், நுண்ணுயிரியல் போன்றவை) துறை ஒன்றில், அல்லது ஓர் ஆய்வகத்தில், அல்லது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சி ஒன்றில். இரண்டாம் பிளாக் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் துறையில். சூப்பர் ஸ்பெஷாலிட்டி, ஐசியூ, இரத்த வங்கி, அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவாலிட்டி எல்லாம் இதில் சேரும். கிராமப்புற, நகர்ப்புறச் சமுதாய மருத்துவ மையத்தில் மேற்பார்வையோடு வேலை பார்ப்பதும் சேரும்.

பின்னால் வந்த திருத்தங்களில் இந்தக் காலம் குறைக்கப்பட்டுவிட்டது. அதனால் சீனியர் சொன்ன கணக்கை நம்பாமல், உங்கள் பேட்சுக்குப் பொருந்தும் கால அட்டவணையைக் கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாட்கள் குறைந்திருப்பதால் திட்டமிடும் அவசியம் கூடியிருக்கிறது. நான்கு வாரத்தில் முதல் வாரம் வழி தெரியாமல் போனாலும் மூன்று வாரம் மிஞ்சும். இரண்டு வாரத்தில் ஒரு வாரம் போனால் பாதி போய்விடும்.

விதியில் மாணவர்கள் கவனிக்காமல் விடும் சில வரிகள் உண்டு. எலக்டிவில் 75 சதவீத அட்டெண்டன்ஸும் லாக் புக் (தினமும் கற்றதைப் பதியும் ஏடு) சமர்ப்பிப்பதும் ஃபைனல் தேர்வு எழுதுவதற்கான தகுதியோடு இணைக்கப்பட்டவை. வேறு போஸ்டிங்கில் விட்டுப்போன அட்டெண்டன்ஸை ஈடுகட்ட எலக்டிவ் நாட்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். முதல் பிளாக்கின்போது வழக்கமான கிளினிக்கல் போஸ்டிங் தொடரும் என்பது இன்னொன்று. காலையில் வார்டு, மதியம் ஆய்வகம் என்று நாள் இரண்டாகப் பிரியும். இதை எதிர்பார்க்காமல், முழு நாளும் ஆய்வகத்தில் இருக்கலாம் என்று பெரிய வேலையாக எடுத்துக்கொண்டு நடுவில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாம் படி: துறைக்கு முன்னால் கேள்வி

ஏன் இந்தத் துறையை எடுத்தீர்கள் என்று ஜூனியர்களிடம் கேட்டால் வரும் பதில்கள் ஏறத்தாழ நான்குதான். பிஜியில் இதைத்தான் எடுக்கப் போகிறேன். இதைப் பார்க்க வேறு வாய்ப்பே வராது. வேலை குறைவு, நீட் பிஜிக்குப் படிக்கலாம். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அங்கேதான்.

நான்காவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நானே அதைச் செய்தவள். மூன்றாவதை நான் குறை சொல்ல மாட்டேன். பிஜி இடத்துக்கான போட்டியின் கனம் எனக்குத் தெரியும். வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கும் மாணவர் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணித்தான் செலவழிப்பார். ஆனால் அப்படி எடுத்தவர்களில் பலர் பிற்பாடு சொன்னது ஒன்றுதான்: மதியம் இரண்டு மணிக்கே விட்டுவிட்டார்கள், ஆனால் ரூமுக்குப் போய்ப் படிக்கவில்லை. தேர்வு முடிந்த களைப்பில் அந்த நாட்கள் தூக்கத்தில் கழிந்துவிட்டன. தூக்கமும் தேவைதான். அதற்காக ஒரு துறையை வீணாக்க வேண்டியதில்லை.

முதல் காரணம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஜெனரல் மெடிசின் எடுக்கப் போகிறவர் எப்படியும் சிஆர்ஆர்ஐயில் அங்கே பல வாரம் இருப்பார். அதே வார்டில் இன்னும் சில வாரம் நிற்பதைவிட, அந்தத் துறையைத் தொடும் வேறு இடத்தில் நிற்பது நல்லது. மெடிசின்மேல் ஆசை இருந்தால் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வாருங்கள். இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க நாம் வார்டிலிருந்து அனுப்பும் பிளட் கல்ச்சர் பாட்டில் அங்கே என்ன ஆகிறது என்று பாருங்கள். சர்ஜரிமேல் ஆசை இருந்தால் மயக்கவியலையும் இரத்த வங்கியையும் பாருங்கள். நாளைக்கு நீங்கள் தினமும் போனில் பேசப்போகும் இடங்கள் அவை.

என் கருத்து இது: துறையை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு கேள்வியை முதலில் எழுதுங்கள். எலக்டிவ் முடியும் நாளில் பதில் கிடைத்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட ஒரு கேள்வி. துறை தானாகவே அமையும்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை மையம் தொடங்கியபோது அவர்கள் முன் இருந்த கேள்வி ஒரே வரிதான்: வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடும் நோயாளி, சானடோரியத்தில் படுத்திருக்கும் நோயாளி அளவுக்குக் குணமாவாரா? அந்தக் காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். ஒரு வருடம் இரு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, முடிவை 1959-இல் வெளியிட்டார்கள். குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நம்மால் அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் ஒரே வரியில் கேட்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். கேஷுவாலிட்டியை வைத்துச் சொல்கிறேன். பாம்புக்கடியோடு ஒருவர் வந்தால் இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை செய்கிறோம். இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் ஆடாமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு இரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று பொருள். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. இரண்டிலும் முடிவு தவறாக வரும். இப்போது கேள்வியைப் பாருங்கள்: நம் கேஷுவாலிட்டியில் இந்தச் சோதனை எத்தனை முறை சரியான குழாயில், கடிகாரம் பார்த்துச் செய்யப்படுகிறது? இரண்டு வாரத்தில் பதில் கிடைக்கும். பதில் கிடைத்தால் அந்தத் துறையே மாறலாம், குறைந்தது ஒரு டப்பா கண்ணாடிக் குழாயாவது வாங்கி வைப்பார்கள்.

அதே பாம்புக்கடியை முதல் பிளாக்கில் மருந்தியலிலிருந்தும் அணுகலாம். நாம் கொடுக்கும் நஞ்சு முறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. அந்த நஞ்சில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இரண்டு பிளாக்கையும் ஒரே இழையில் கோத்தவர்கள் மிகச் சிலர்தான். அப்படிக் கோத்தவர்களின் லாக் புக்கைப் படித்தாலே வித்தியாசம் தெரியும்.

இரத்த வங்கிக்கு ஒரு கேள்வி: சர்ஜரிக்காகக் கிராஸ்மேட்ச் செய்து (நோயாளியின் இரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து) வைக்கும் யூனிட்டுகளில் எத்தனை உண்மையில் ஏற்றப்படுகின்றன? கிராஸ்மேட்ச் செய்த எண்ணிக்கையை ஏற்றிய எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதம் இரண்டு, இரண்டரைக்கு மேல் போனால் தேவைக்கு அதிகமாகக் கேட்கிறோம் என்று அர்த்தம். ரிஜிஸ்டரில் எல்லாம் இருக்கிறது, எண்ணினால் போதும். சமுதாய மருத்துவத்துக்கு ஒன்று: மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வரும் இரத்த அழுத்த நோயாளிகள் அந்த மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறார்களா, சாப்பிடாவிட்டால் ஏன்? சுகாதாரத் தன்னார்வலரோடு ஒரு வாரம் தெருத் தெருவாக நடந்தால், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பதில்கள் வரும்.

எனக்குக் கேள்வி எதுவும் தோன்றவில்லையே என்று பலர் சொல்வார்கள். தோன்றும். கடந்த ஒரு வருடத்தில் வார்டில் நின்றபோது, ‘இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள்?’ என்று மனதுக்குள் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்த தருணங்களை எழுதிப் பாருங்கள். ஐந்தாவது எழுதிய பிறகு ஒன்று நன்றாக வரும்.

மூன்றாம் படி: மேற்பார்வையாளரைப் பாருங்கள்

எலக்டிவ் நன்றாக அமைந்தது என்று சொல்லும் மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசுவார்கள். மோசமாக அமைந்தது என்பவர்களும் அப்படியே: சார் லீவில் போய்விட்டார், மேடத்துக்கு நாங்கள் வந்திருப்பதே தெரியாது. துறை எவ்வளவு பெரியதானாலும் உங்களைக் கவனிக்க ஒருவர் இல்லையென்றால் சுவரில் சாய்ந்து நிற்கத்தான் வேண்டும்.

அதனால் பெயர் கொடுப்பதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். ஓபி நேரத்தில் போகாதீர்கள். மதியம் கூட்டம் குறைந்ததும், ‘சார், ஐந்து நிமிடம் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். கையில் அரைப் பக்கத் தாள் இருக்கட்டும். நீங்கள் யார், எந்த வருடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, உங்கள் கேள்வி என்ன, அவரிடமிருந்து என்ன வேண்டும், அவ்வளவுதான். ‘கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் சார்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு உங்களை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ‘பாம்புக்கடி கேஸ்களில் இந்தச் சோதனையை எப்படிச் செய்கிறோம் என்று பார்க்க வேண்டும்’ என்றால் அடுத்த நிமிடமே அவர் மனதில் ஓர் ஏற்பாடு உருவாகிவிடும்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. அந்த நாட்களில் லீவோ மாநாடோ இருக்கிறதா? அவர் இல்லாத நாளில் யாரிடம் ரிப்போர்ட் செய்வது? எதை நான் கையால் செய்யலாம், எதைப் பார்க்க மட்டும் செய்யலாம்? லாக் புக்கில் எப்போது கையெழுத்திடுவார், தினமுமா, வாரம் ஒருமுறையா? இதைக் கேட்க எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. இப்போது அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இப்படிக் கேட்கும் மாணவரைப் பிஜிகளும் உதவிப் பேராசிரியர்களும் விரும்பியே சேர்த்துக்கொள்கிறார்கள்.

பேராசிரியரைவிட உதவிப் பேராசிரியரோ சீனியர் ரெசிடென்ட்டோ பல நேரம் நல்ல தேர்வு. பெரியவர்களுக்கு நேரம் இருக்காது, இவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

நான்காம் படி: இடம்

முதலில் உங்கள் கல்லூரியின் பட்டியலை முழுதாகப் படியுங்கள். எல்லாரும் கார்டியாலஜிக்கும் ஐசியூவுக்கும் ஓடும்போது வலி தணிப்புப் பிரிவிலும் தடயவியல் மருத்துவத்திலும் இடம் காலியாகவே கிடக்கும். வலி தணிப்புப் பிரிவில் இருந்த ஒரு மாணவி, ஓர் அம்மாவிடம் உங்கள் மகன் பிழைக்க மாட்டான் என்று எப்படிச் சொல்வது என்பதை அங்கேதான் முதன்முதலில் பார்த்ததாகச் சொன்னாள். அதை வேறு எங்கே கற்பது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே போக விரும்பினால் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. சில கல்லூரிகள் பட்டியலுக்கு வெளியே விடுவதே இல்லை. விடும் இடங்களில் துறைத் தலைவர், டீன் இருவரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், போகும் இடத்திலிருந்து ஒப்புதல் கடிதமும் வேண்டும். தமிழ்நாட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் ஏராளம். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தொண்ணூறுகளில் தொடங்கிய பழங்குடி நல மருத்துவமனை. கூடலூரில் ஆதிவாசி மக்களே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் நடத்தும் மருத்துவமனை. வேலூர் சிஎம்சி, அதன் சமுதாய நலப் பிரிவு இயங்கும் பாகாயம். 1794-இலிருந்து வரலாறு உள்ள கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. எல்லா இடத்திலும் வருபவர்களை அப்படியே சேர்த்துக்கொள்வார்கள் என்று எண்ணாதீர்கள். எழுதிக் கேட்க வேண்டும், பல மாதங்களுக்கு முன்பே கேட்க வேண்டும்.

தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு மூன்றையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் பணம் கேட்க முடியாதவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தாலுகா மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்தே போய் வரலாம். உங்கள் ஊர் மக்கள் எந்த நோயோடு, எவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்பதை வேறு யாரையும்விட நீங்கள் சுலபமாகப் புரிந்துகொள்வீர்கள்.

மாணவிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இரவுப் பணி உள்ள எலக்டிவ் என்றால், ஓய்வறை எங்கே, உள்ளிருந்து பூட்ட முடியுமா, அதிகாலையில் ஹாஸ்டலுக்கு யாரோடு திரும்புவது என்று முன்பே கேளுங்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்ஜி கர் மருத்துவக் கல்லூரியில் பணியில் இருந்த பிஜி மாணவிக்கு நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். இதைக் கேட்பதற்காக யாராவது முகம் சுளித்தால், அந்த இடம் வேண்டாம்.

ஐந்தாம் படி: வெளிநாடு வேண்டுமா?

எலக்டிவ் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு அமெரிக்காதான் நினைவுக்கு வரும். அது வேறு எலக்டிவ். அங்கே மேற்படிப்பு படிக்க நினைப்பவர்கள், அந்த நாட்டு மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதத்துக்காகவும் அனுபவத்துக்காகவும் ஃபைனல் இயரில் போவது. நம் பாடத்திட்டத்தின் குறுகிய எலக்டிவ் காலத்துக்குள் அதை அடைக்க முடியும் என்று எண்ணாதீர்கள்.

வேறுபாடு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எலக்டிவ் என்றால் மாணவராக நோயாளியைப் பரிசோதிக்கலாம், கேஸ் சொல்லலாம், உங்களை மதிப்பிடுவார்கள். அப்சர்வர்ஷிப் என்றால் கைகட்டி நின்று பார்ப்பது மட்டும், பெரும்பாலும் படிப்பு முடித்தவர்களுக்கு. இரண்டையும் ஒன்றுபோலச் சொல்லிப் பணம் வாங்கும் ஏஜென்டுகள் உண்டு. கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். படிப்பு முடிவதற்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களின் நிபந்தனை. சிஆர்ஆர்ஐயில் இருப்பவரைச் சில இடங்கள் மாணவராகவும் சில இடங்கள் பட்டதாரியாகவும் எடுத்துக்கொள்கின்றன, இதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். விஎஸ்எல்ஓ என்ற இணையவழி விண்ணப்பம் உண்டு, ஆனால் உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருந்தால்தான் பயன்படும். இல்லையென்றால் மருத்துவமனைக்கு நேரடியாக எழுத வேண்டும். பல இடங்கள் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் ஒன் தேர்ச்சியைக் கேட்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல், விண்ணப்பத்தோடு கேட்கும் தடுப்பூசிப் படிவம். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ், 0, 1, 6 மாதங்களில். அப்புறம் ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை. ஆக, இன்றைக்குத் தொடங்கினால் ஏழெட்டு மாதம் ஆகும். காசநோய்க்கான தோல் பரிசோதனை நமக்குச் சிறுவயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் பாசிட்டிவாக வரலாம். அதற்குப் பதில் இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனையை ஏற்பார்களா என்று கேளுங்கள். அமெரிக்கா போகாதவர்களும் ஹெபடைடிஸ் பி அளவைப் பார்த்து வைப்பது நல்லது. ஊசியோடு வேலை செய்யப் போகிறோம்.

டிக்கெட், விசா, கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் போகும். அங்கே மேற்படிப்புக்குப் போவது உறுதி என்றால் செலவழிக்கலாம். ஆசைக்காகக் கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. இங்கிலாந்திலிருந்து மாணவர்கள் தங்கள் எலக்டிவுக்காக வேலூருக்கு வருகிறார்கள். அவர்கள் தேடி வருவது நம் வார்டுகளில் தினமும் நடக்கிறது.

ஆறாம் படி: காலண்டர்

ஆறு மாதத்துக்கு முன்: கேள்விகளை எழுதத் தொடங்குங்கள். வெளியே போவதாக இருந்தால் இப்போதே கடிதம். தடுப்பூசி நிலையைப் பாருங்கள், வெளிநாட்டுக்கு என்றால் இதை இன்னும் முன்பே.

மூன்று மாதத்துக்கு முன்: மேற்பார்வையாளரை நேரில் பாருங்கள். முதல் பிளாக்கில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். நோயாளிகளின் தகவலைத் தொட்டாலே, பழைய கேஸ் ஷீட்டாக இருந்தாலும், நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். குழு தினமும் கூடாது. எலக்டிவ் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் அனுமதி வருவதற்குள் எலக்டிவ் முடிந்துவிடும். இதற்கு மிக எளிய வழி, ஏற்கெனவே அனுமதி பெற்று நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் ஒரு சின்னப் பகுதியை எடுத்துக்கொள்வது. பிஜி அண்ணன்களும் அக்காக்களும் தீசிஸ் செய்துகொண்டிருப்பார்கள், கை உதவி கிடைத்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சி. ஒரு துறை தன் பணியின் தரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் தணிக்கைக்கும் அனுமதி வேண்டுமா என்பதைக் குழுவின் செயலரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஐசிஎம்ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் 1979-இலிருந்து நடக்கிறது. அதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு முதல் பிளாக் நல்ல ஒத்திகை.

ஒரு மாதத்துக்கு முன்: பார்ட் ஒன் தேர்வுக்குப் படிக்கும் நேரம் இது. புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். தேதியை மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொண்டு புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

முந்தைய வாரம்: தேர்வு முடிந்திருக்கும். இரண்டு நாள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். அப்புறம் உங்கள் கேள்வி சம்பந்தமாக ஒரு அத்தியாயம், இரண்டு கட்டுரை படியுங்கள். போதும்.

ஏழாம் படி: போன பிறகு

முதல் நாள் செவிலியரிடமும் ஆய்வக டெக்னீஷியனிடமும் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ‘அக்கா, நான் ரெண்டு வாரம் இங்கேதான் இருப்பேன்’ என்று சொல்லிவிட்டால், கண்ணாடிக் குழாய் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதிலிருந்து ராத்திரி எத்தனை மணிக்குக் கூட்டம் வரும் என்பதுவரை அவர்களே சொல்வார்கள்.

லாக் புக்கை அன்றன்றைக்கே எழுதுங்கள். கடைசி நாளில் உட்கார்ந்து முப்பது பக்கம் நிரப்பிய லாக் புக்குகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் ‘ரவுண்ட்ஸில் கலந்துகொண்டேன்’ என்றே இருக்கும். அதற்குப் பதில் தினமும் மூன்றே வரி: என்ன பார்த்தேன், என்ன புரியவில்லை, நாளை யாரிடம் கேட்பேன். ஓர் உதாரணம்: ‘மாலை 6.40, வலது காலில் பாம்புக்கடி, ஐம்பது வயது ஆண். குழாய் கண்ணாடி, ஆனால் 12 நிமிடத்திலேயே சாய்த்துப் பார்த்துவிட்டோம், உறையாதது போலத் தெரிந்தது. மீண்டும் செய்தபோது 20 நிமிடத்தில் உறைந்திருந்தது. சீக்கிரம் சாய்ப்பது ஏன் நடக்கிறது என்று பணியில் இருந்த அக்காவிடம் கேட்க வேண்டும்.’ இப்படி எழுதியதைப் படிக்கும் மேற்பார்வையாளர் பதில் எழுதுவார்.

நோயாளியின் பெயர், ஐபி நம்பர், முகம் தெரியும் படம் எதுவும் லாக் புக்கில் வேண்டாம். போனில் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் எக்ஸ்ரேயைப் போடும்போது மூலையில் பெயர் இருப்பதை நாம் கவனிப்பதில்லை.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் சிறப்பு, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை, தொடர்ந்து 28 நாள் சாப்பிட வேண்டும். பயத்தாலும் வெட்கத்தாலும் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு. இரவு மூன்று மணியானாலும் எழுப்பிச் சொல்லுங்கள்.

என் இரண்டாம் பிளாக் கேஷுவாலிட்டி. ஓர் இரவு சாலை விபத்தில் நான்கு பேர் ஒன்றாக வந்தார்கள். அதே நேரம் முன்கையில் வெட்டுக் காயத்தோடு ஒரு கட்டடத் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். பிஜி அண்ணன் ஓடிக்கொண்டே, நீயே தையல் போட்டுடு என்றார். ஸ்கில்ஸ் லேபில் ரெக்ஸின் துணியில் போட்டிருந்தேன், மனிதத் தோலில் போட்டதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டேன். வரிசை அழகாக இருந்தது என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஆறு நாள் கழித்து அவர் சீழோடு ஓபிக்கு வந்தார். காயத்துக்குள் சிமென்ட் துகள் இருந்திருக்கிறது, நான் போதுமான அளவு கழுவாமல் மூடிவிட்டேன். மூன்று வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. தினக்கூலி. என்னை அவர் திட்டவில்லை, மருந்து கட்டும்போது ‘பரவாயில்ல பாப்பா’ என்றார். அந்தச் சொல்லை என்னால் இன்றும் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

‘அண்ணா, நான் இதுவரை போட்டதில்லை, பத்து நிமிடம் கழித்துப் பக்கத்தில் நிற்பீர்களா?’ என்று கேட்டிருந்தால் அவர் நின்றிருப்பார். எலக்டிவில் நாம் நிற்கும் இடம் புதிது, நம்மை அங்கே யாருக்கும் தெரியாது, நமக்கு என்ன தெரியும் என்பதும் தெரியாது. அதனால் நாமேதான் சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று ஒருமுறை சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.

எட்டாம் படி: கடைசி வாரம்

உங்கள் கேள்விக்கான பதிலை ஒரே பக்கத்தில் எழுதித் துறையில் கொடுங்கள். ஐந்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள், செவிலியர்களையும் டெக்னீஷியன்களையும் கூப்பிடுங்கள். எண்கள் சின்னதாக இருக்கட்டும், ‘11 கேஸில் 7-இல் மட்டும் கடிகாரம் பார்த்தோம்’ என்பது போல. யாரையும் குற்றம் சொல்லாமல் சொல்ல வேண்டும். அவர்கள் அங்கேயே இருப்பவர்கள், நீங்கள் வந்து போகிறவர்கள்.

சேகரித்த தாள்களைத் துறையிலேயே ஒப்படைத்துவிடுங்கள், அறைக்கு எடுத்து வராதீர்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் இப்போதே கேளுங்கள், ஒரு வருடம் கழித்துக் கேட்டால் உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்காது. அடுத்த பேட்ச் ஜூனியர் ஒருவருக்கு உங்கள் அனுபவத்தைக் குரல் பதிவாகவாவது அனுப்புங்கள்: எந்தத் துறையில் கற்றுக்கொடுத்தார்கள், எங்கே நிற்க வைத்தார்கள் என்று. எங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

லாக் புக்கில் கையெழுத்தைக் கடைசி நாளுக்கு முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஃபைனல் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வாங்கும் வாரத்தில் லாக் புக்கைத் தேடி ஹாஸ்டல் அறையைக் கவிழ்த்த மூன்று பேரை எனக்குத் தெரியும்.